மிஷினை விட மாஸ்க் முக்கியம்: அப்பாவுக்கு சிபேப் வாங்கிய கதை

எங்க அப்பா டிரெய்லர் டிரைவர். வீடு திருவொற்றியூர். மணலி பக்கம் யார்டுல கன்டெய்னர் ஏத்திக்கிட்டு எண்ணூர் விரைவுச் சாலை வழியா சென்னைத் துறைமுகம் ஜீரோ கேட் வரைக்கும் போவார். சில நாள் எண்ணூர் காமராஜர் துறைமுகம், சில நாள் காட்டுப்பள்ளி. தூரம் பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஆனா கியூவுல நின்னா அது ஒரு ராத்திரி, சில சமயம் ரெண்டு ராத்திரி. தூக்கம் எல்லாம் கேபின்லதான்.

போன வருஷம் ஒரு ராத்திரி அந்தக் கியூவுல முன்வண்டி இருபது அடி நகர்ந்து நின்னிருக்கு. அப்பாவும் நகர்த்தி நிறுத்தியிருக்கார். அடுத்த நிமிஷம் கண் மூடிட்டார். பிரேக்கில இருந்து கால் விலக, வண்டி மெதுவா உருண்டு முன் டிரெய்லர்ல முட்டிடுச்சு. பம்பர் நசுங்குனதோட போச்சு. நடுவுல யாராவது நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா இன்னைக்கும் வயித்தைக் கலக்குது. மறுநாள் கூட வர்ற கிளீனர் அண்ணன் என்னைத் தனியா கூப்பிட்டு, "தம்பி, உங்கப்பா பகல்லயே உக்காந்துக்கினே தூங்குறாரு. டாக்டராண்ட கூட்டினு போ"ன்னு சொன்னார்.

அப்பாவோட குறட்டை எங்க வீட்ல பெரிய ஜோக். "காசிமேடு போட் ஸ்டார்ட் ஆயிடுச்சு"ன்னு அம்மா சொல்லுவாங்க. அந்த போட் இன்ஜின் நடுநடுவுல நின்னு போகும், அப்புறம் ஒரு பெரிய திணறலோட திரும்ப ஸ்டார்ட் ஆகும். நிக்குறப்போ "அப்பாடா, அமைதி"ன்னு நாங்க திரும்பிப் படுத்துக்குவோம். உண்மையில அந்த அமைதிதான் வியாதி.

அதுக்கப்புறம் நடந்த நாலு மாச அலைச்சல்ல நாங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நம்ம காலேஜ்ல படிக்கிற பாதிப்பேர் வீட்ல அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ குறட்டை விடுறவங்கதான். சிபேப் மிஷின் வாங்கணும்னு டாக்டர் சொல்லிட்டா, கூகுள்ல தேடி விலை பார்க்கிற வேலை நம்ம தலையிலதான் விழும். நான் பண்ணின தப்பை நீங்க பண்ண வேண்டாம்.

முதல்ல, என்ன நடக்குது?

நாம தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து போகும். சிலருக்கு அங்க மூச்சுக்குழாய் மேல்பகுதி அப்படியே ஒட்டிக்கும். தடிமனான பாயாசத்தை மெல்லிய பேப்பர் ஸ்ட்ராவில வேகமா உறிஞ்சினா ஸ்ட்ரா சப்பையாகும் பாருங்க, அது மாதிரி. நுரையீரல் இழுக்குது, காத்து வரல, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது. மூளை பதறி ஒரு நொடி எழுப்பி விடுது. தசை இறுகுது, குழாய் திறக்குது, மூச்சு வருது. எழுந்தது அவருக்கே ஞாபகம் இருக்காது. இதுக்குப் பேர் ஸ்லீப் ஆப்னியா.

10 நொடியோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னா ஒரு ஆப்னியா. முழுசா நிக்காம பாதியாக் குறைஞ்சு ஆக்சிஜன் இறங்கினா ஹைபாப்னியா. ரெண்டும் சேர்ந்து மணிக்கு எத்தனை தடவைங்கிற கணக்குதான் ஏ.ஹெச்.ஐ. 5-க்குக் கீழே இருந்தா சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல கடுமையானது. அப்பாவுக்கு 46. ஆக்சிஜன் 71 சதவீதம் வரைக்கும் இறங்கியிருந்தது. அதாவது ஒரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில, ராத்திரி முழுக்க, யாரோ தோளைப் பிடிச்சு உலுக்கி எழுப்புற மாதிரி. அப்படிப்பட்ட ஆள் காலையில நாற்பதடி கன்டெய்னரை ஓட்டிக்கிட்டுப் போறார்.

இது அபூர்வமான வியாதி இல்ல. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, வயது வந்தவர்கள்ல சுமார் 11 சதவீதம் பேருக்கு இருக்கு. எண்ணிக்கையில 10 கோடிக்கு மேல. 2022 பிப்ரவரியில இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தப்போ, மருத்துவமனை சொன்ன காரணங்கள்ல இந்தப் பேரும் இருந்தது. சிகிச்சை எடுக்காத ஓட்டுநர்களுக்கு விபத்து வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லுது.

சிபேப் என்ன பண்ணுது?

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ரொம்ப சிம்பிள். ஒரு சின்ன புளோயர். அது மூக்கு வழியா தொடர்ந்து லேசான அழுத்தத்துல காத்தைத் தள்ளும். அந்தக் காத்தே மூச்சுக்குழாய்க்கு உள்ளே இருந்து முட்டுக் கொடுக்கும். குழாய் ஒட்டாது. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் கிடையாது. அறையில இருக்கிற அதே காத்துதான்.

அழுத்தம் எவ்வளவு? பெரும்பாலான மிஷின்கள்ல 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை. ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதுங்க. குமிழி வர எவ்வளவு ஊதணுமோ அதுதான் 10. வளிமண்டல அழுத்தத்துல சுமார் நூத்துல ஒரு பங்கு. அவ்வளவுதான்.

1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில காலின் சலிவன்ங்கிற மருத்துவர்தான் இதை முதல்ல செஞ்சார். அதுக்கு முன்னாடி கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில ஓட்டை போடுறதுதான் வழி. 1981-ல் லான்செட் இதழ்ல 5 நோயாளிகளைப் பத்தி எழுதினார். அந்த ஆரம்ப நாட்கள்ல மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் சிலிக்கோன் பசை போட்டு மூக்குல ஒட்டுவாங்களாம். புளோயர் கஷ்டமில்ல, முகத்தோட ஒட்டாம காத்து ஒழுகுறதுதான் கஷ்டம். அந்தச் சிக்கல் இன்னைக்கும் அங்கேயேதான் இருக்கு.

நான் பண்ணின தப்பு

டாக்டர் சீட்டு கையில. நான் ஒரு வாரம் மோட்டார் சத்தம் எத்தனை டெசிபல், ஆப் இருக்கா, ஸ்கிரீன் கலரான்னு மிஷின் ஒப்பீடு பண்ணினேன். மாஸ்க் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. கடையில, "ஃபுல் ஃபேஸ் போட்டுக்கங்க சார், எல்லாருக்கும் செட் ஆகும்"னு எல் சைஸ் ஒண்ணைப் பையில போட்டுக் குடுத்தாங்க. அப்பாவுக்கு மாட்டிக்கூட பார்க்கல.

அப்பாவுக்கு நல்ல கனமான மீசை. மூக்கையும் வாயையும் மூடுற மாஸ்க்கோட விளிம்பு மீசை மேல உக்காரும்போது சந்து வழியா காத்து பிச்சுக்கிட்டுப் போச்சு. கண்ணுல நேரா அடிச்சது. ஒழுகுதேன்னு வாரை இறுக்கினோம். இறுக்க இறுக்க இன்னும் ஒழுகுச்சு, மூக்குத்தண்டுல புண்ணும் வந்துச்சு. ஆறாவது நாள், "இன்னாடா இது, மூஞ்சில தும்பிக்கையைக் கட்டிவுட்ட மாதிரி. இத்தப் போட்டுக்கினு தூங்குறதுக்குத் தூங்காமயே ஓட்டிருவேன்"னு கழட்டி பீரோ மேல வெச்சுட்டார். நாற்பதாயிரத்துக்கு மேல செலவு. ரெண்டு மாசம் பீரோ மேலயே இருந்துச்சு.

டாக்டர் திரும்பச் சொன்ன ஒரு வரிதான் எங்களைக் காப்பாத்துச்சு: "மிஷின் தோத்துப் போகல. மாஸ்க்தான் தோத்துப் போச்சு."

இப்ப வாங்குறதுக்கு ஒரு வரிசை சொல்றேன்.

1. பரிசோதனை இல்லாம எதுவும் வாங்காதீங்க

கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல, சத்தமான குறட்டை, பகல் தூக்கம், ரத்தக்கொதிப்பு, மூச்சு நிக்குறதைப் பக்கத்துல இருக்கவங்க பார்த்தது: இதுல ரெண்டு மூணு இருந்தாலே டாக்டரைப் பார்க்கணும். ஆனா குறட்டையை மட்டும் வெச்சு மிஷின் வாங்கக் கூடாது. ஸ்லீப் லேப்ல ஒரு ராத்திரி படுத்தோ, வீட்டுக்கே எடுத்து வர்ற கருவியாலயோ பரிசோதனை பண்ணணும். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் ஒண்ணு மட்டும் போதாது. அரசு மருத்துவமனைன்னா நெஞ்சக நோய்ப் பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு ரெண்டுல எதுல வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். மூக்குல அடைப்போ அலர்ஜியோ இருந்தா அதை முதல்ல சரி பண்ணுங்க. மூக்கு அடைச்சுக்கிட்டே இருந்தா எந்த மாஸ்க்கும் வேலைக்காகாது.

2. எந்த வகை மிஷின்?

சாதா சிபேப் ஒரே அழுத்தத்துல ஓடும். ஆட்டோ சிபேப் டாக்டர் குடுத்த ரேஞ்சுக்குள்ள, தேவைக்கேத்த மாதிரி ஏறி இறங்கும். பைபேப் மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது குறைவான அழுத்தம் தரும், விலை அதிகம். ரத்தத்துல கரியமில வாயு தேங்குறவங்க, அதிக அழுத்தம் தாங்காதவங்க மாதிரி சிலருக்குத்தான் அது தேவை. இதய செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தா ஆட்டோ மிஷின் சரிப்படாம போகலாம். அதனால இது கடைக்காரர் முடிவு பண்ற விஷயம் இல்ல. சீட்டுல மிஷின் வகை, அழுத்தம் ரெண்டையும் எழுதி வாங்குங்க. சீட்டுல சிபேப்னு இருக்கும்போது "பைபேப்னா இன்னும் நல்லது"ன்னு யாராவது சொன்னா, திரும்பி டாக்டர்கிட்டயே போங்க.

3. மாஸ்க்: இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

மூணு வகை. மூக்கை மட்டும் மூடுற நேசல் மாஸ்க். மூக்குத் துவாரத்துல உக்கார்ற சின்ன சிலிக்கோன் மொட்டுகள் மாதிரியான நேசல் பில்லோ. மூக்கும் வாயும் சேர்த்து மூடுற ஃபுல் ஃபேஸ். பொதுவா முதல்ல மூக்கு வழி மாஸ்க்கை முயற்சி பண்ணச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் இருக்கு. ஃபுல் ஃபேஸ்ல ஒழுகலும் அதிகம், பல சமயம் அழுத்தமும் கூடுதலா தேவைப்படும். மூக்கு வழியா மூச்சே விட முடியாதவங்களுக்கு அது உதவும்.

மீசை, தாடி இருக்கவங்களுக்கு நேசல் பில்லோ நல்ல வழி. அது மீசை மேல உக்காராது. அப்பாவுக்கு அதுதான் செட் ஆச்சு. மீசையை எடுக்கச் சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்!

போட்டுப் பார்க்கிற முறை இது. உக்காந்துக்கிட்டு இல்ல, படுத்துக்கிட்டு. மிஷினை சும்மா ஓட விட்டு இல்ல, சீட்டுல இருக்கிற அழுத்தத்துல. ஒரு நிமிஷம் இல்ல, கால் மணி நேரம். இடது, வலதுன்னு புரண்டு பாருங்க. வாருக்கும் கன்னத்துக்கும் நடுவுல விரல் நுழையணும். சிலிக்கோன் குஷன் காத்துல உப்பி முகத்தோட ஒட்டுற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க. இறுக்கினா உப்ப முடியாம மடங்கி ஒழுகும். மாஸ்க்ல இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகள் வழியா வர்ற காத்து ஒழுகல் இல்ல. நாம விடுற மூச்சு வெளிய போற வழி அது. அதை டேப் போட்டு அடைக்கவே கூடாது. பேஸ்மேக்கர் மாதிரி கருவி உடம்புல இருந்தா காந்த கிளிப் வெச்ச மாஸ்க் வேண்டாம்.

"ரெண்டு மூணு சைஸ் படுத்துப் போட்டுப் பார்க்கலாமா? ஒரு வாரத்துல ஒத்து வரலன்னா மாத்தித் தருவீங்களா?" இந்த ரெண்டு கேள்விக்கும் ஆமான்னு சொல்ற கடை ரெண்டாயிரம் ரூபா அதிகம் சொன்னாலும் பரவாயில்ல. மிஷினை மாச வாடகைக்குத் தர்ற இடங்களும் சென்னையில இருக்கு. மாஸ்க்கை மட்டும் சொந்தமா வாங்கி, மிஷினை ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். எங்களுக்கு இது லேட்டாத்தான் தெரிஞ்சது.

4. கரன்ட்டும் ஈரமும் தூசியும்

இது நம்ம ஏரியா பாடம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எத்தனை தெருவுல நாள்கணக்கா கரன்ட் இல்லன்னு நமக்குத் தெரியும். அதனால வாட் கணக்கு பார்த்துத்தான் ஆகணும்.

மிஷின்ல ரெண்டு பாகம் கரன்ட் இழுக்கும்: புளோயர், அப்புறம் தண்ணியைச் சூடாக்கி ஈரக் காத்து தர்ற ஹியூமிடிஃபையர். எங்க மிஷினை மீட்டர் வெச்சு அளந்தேன். ஹியூமிடிஃபையர் இல்லாம சராசரி 12 வாட்; போட்டா 40 வாட் பக்கம். 7 மணி நேரத்துக்கு 84 வாட்-அவர், இல்லன்னா 280 வாட்-அவர். வீட்டு இன்வெர்ட்டர்ல 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில கணக்குப்படி 1800. பாதியைத்தான் நம்பலாம்னு வெச்சுக்கிட்டாலும், ஃபேன் லைட்டைக் கட்டுப்படுத்தினா ஹியூமிடிஃபையர் இல்லாம சில ராத்திரி தாங்கும்.

அப்பா பாதி நாள் தூங்குறது கேபின்ல. லாரியில 24 வோல்ட் பேட்டரி. எங்க மிஷின் அடாப்டர்லயும் 24 வோல்ட்னு போட்டிருந்தது. "அப்போ நேரா ஒயர் குடுத்துடலாம்"னு நினைச்சேன். கூடவே கூடாது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது அது 28 வரைக்கும் போகும். அந்தந்த மாடலுக்குக் கம்பெனியே விக்கிற டிசி கன்வெர்ட்டர்தான் வாங்கணும். 12 வாட்னா ஒரு ராத்திரிக்கு 24 வோல்ட்ல 4 ஆம்பியர்-அவர்கூட ஆகாது. காலையில செல்ஃப் எடுக்குமான்னு பயப்பட வேண்டாம். மிஷின் வாங்குறதுக்கு முன்னாடியே "இதுக்கு டிசி கன்வெர்ட்டர் கிடைக்குமா?"ன்னு கேட்டுடுங்க.

ஹியூமிடிஃபையர் தேவையா? ஏசி ரூம்ல தூங்கினா, மூக்கு காய்ஞ்சா, ரத்தம் எட்டிப் பார்த்தா தேவை. ஏசி இல்லாத நம்ம ஊர் ராத்திரியில காத்துலயே ஈரம் சொட்டுது. அப்பா கேபின்ல அதைக் கழட்டிட்டுத்தான் போடுறார். தண்ணி ஊத்தினா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம்ம ஏரியா போர் தண்ணி ஊத்தினா ஒரே வாரத்துல உப்புப் படியும்.

அப்புறம் ஃபில்டர். நிலக்கரித் தூசி, சாம்பல், லாரி புகை எல்லாம் நம்ம காத்துல இருக்கு. கம்பெனி புக்ல மாசத்துக்கு ஒரு தடவைன்னு இருந்தாலும் நம்ம ஏரியாவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எங்களுது பத்து நாள்ல சாம்பல் கலர் ஆயிடுது. ஃபில்டர் லோக்கல்ல கிடைக்காத மாடலை வாங்காதீங்க.

5. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

விலை பாதிதான், ஆசை வரும். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. 2021 ஜூன்ல பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் கம்பெனி உலகம் முழுக்க லட்சக்கணக்கான சிபேப், பைபேப் மிஷின்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வெச்ச ஃபோம் சிதைஞ்சு துகள்களாவும் வாயுவாவும் மூச்சுப் பாதைக்குள்ள வரலாம்னு தெரிஞ்சதுதான் காரணம். சூடும் ஈரமும் அந்தச் சிதைவை அதிகமாக்கும்னு சொன்னாங்க. சூடும் ஈரமும் நம்ம ஊருக்குச் சொல்லணுமா! ஓசோன் வெச்சு சுத்தம் பண்றதும் ஃபோமைக் கெடுக்கும்னு சொன்னாங்க. அந்த மாதிரி கிளீனர் வேண்டவே வேண்டாம். பழைய மிஷின் எடுத்தே ஆகணும்னா மாடல், சீரியல் நம்பரை அந்தத் திரும்பப் பெற்ற பட்டியல்ல பாருங்க, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க, டாக்டர் சீட்டுப்படி அழுத்தத்தை மாத்தி வைங்க. மாஸ்க், டியூப், ஃபில்டர் மூணும் புதுசுதான்.

6. வாங்கின பிறகு டேட்டா பாருங்க

எஸ்டி கார்டு இருக்கிற மிஷினா பாருங்க. ஆஸ்கர்னு ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. கார்டை லேப்டாப்ல போட்டா ராத்திரி முழுக்க நடந்தது கிராஃபா வரும். மூணு எண் போதும்: எத்தனை மணி நேரம் போட்டார், ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு (5-க்குக் கீழ வரணும்), ஒழுகல் எவ்வளவு. ரெஸ்மெட் மிஷின்கள்ல ஒழுகல் நிமிஷத்துக்கு 24 லிட்டருக்குக் கீழ இருக்கணும். மத்த கம்பெனிகள் கணக்கு வேற மாதிரி இருக்கும், அதனால ரெண்டையும் ஒப்பிடாதீங்க. கிராஃபைப் பார்த்துட்டு அழுத்தத்தை நாமளே மாத்துற வேலை மட்டும் வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

பழகுறதுக்கு முதல் வாரம் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட வைங்க. தூக்கத்துல கழட்டிட்டா திட்டாதீங்க. மறுநாள் திரும்பப் போடட்டும். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணியில கழுவுங்க. முகத்து எண்ணெய்ப் பசை இருந்தா குஷன் வழுக்கி ஒழுகும்.

அப்பா இப்போ

மாஸ்க் மாத்தின முதல் வாரம் ஒழுகல் பாதிக்கு மேல குறைஞ்சது. மூணாவது வாரம் ஏ.ஹெச்.ஐ. 4. சிகிச்சை சரியாகுற வரைக்கும் ராத்திரி ஓட்டம் வேண்டாம்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அந்த ஒன்றரை மாசம் யார்டுக்குள்ள பகல் வேலை மட்டும். பேட்டா இல்ல, வருமானம் பாதி. என் செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மா வளையலை அடகு வெச்சாங்க. ஓனர்கிட்ட "சுகர்"னு மட்டும்தான் அப்பா சொல்லியிருக்கார். தூங்குற வியாதின்னு தெரிஞ்சா வண்டியே தர மாட்டாங்கன்னு பயம். அந்தப் பயத்துக்கு என்கிட்டயும் பதில் இல்ல. ஆனா பல டிரைவர்கள் பரிசோதனைக்கே போகாததுக்கு அந்தப் பயம்தான் காரணம்னு மட்டும் புரியுது.

இப்போ ராத்திரி ஓட்டத்துக்குத் திரும்பியாச்சு. கேபின்ல சீட்டுக்குப் பின்னாடி துணிப்பையில மிஷின் இருக்கு. கியூவுல பக்கத்து வண்டி டிரைவர் ஒருத்தர் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா இது?"ன்னு கேட்டாராம். "நீ குறட்டை வுடுவியா?"ன்னு அப்பா திருப்பிக் கேட்டிருக்கார். போன வாரம் அந்த அண்ணனோட நம்பரை என்கிட்ட குடுத்து, "டெஸ்ட் எங்க எடுக்கணும்னு சொல்லிக் குடுடா"ன்னார்.

உங்க வீட்லயும் இன்னைக்கு ராத்திரி போட் இன்ஜின் ஸ்டார்ட் ஆனா, போன்ல ஒரு அஞ்சு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. சத்தம் வரும்போது இல்ல, சத்தம் நிக்கும்போது எண்ணுங்க. 10 தாண்டினா, அந்த ரெக்கார்டிங்கோட டாக்டர்கிட்ட போங்க.